ரப்பர் பேண்டு கட்டாத பாட்டில்

வச்சலா டீச்சருக்குப் பொய் சொல்ல வராது என்று பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர் உண்டு. அப்படிப் பெயர் வாங்கியவர்கள் சொல்லும் பொய்தான் கெட்டியாக நிற்கும். யாரும் அதைத் தட்டிப் பார்க்கமாட்டார்கள். அவள் சொன்னது ஒரே ஒரு பொய். அதற்குத் தேதி உண்டு, முத்திரை உண்டு, அடியில் அவளுடைய கையெழுத்தும் உண்டு.

பள்ளிக்கூடம் மாமல்லபுரத்துக்கு மேற்கே, சிற்பக் கூடங்களின் முதுகுப் பக்கம் இருக்கிறது. காலையில் கல் அறுக்கும் மெஷின் தொடங்கினால் சாயங்காலம் வரை ஓயாது. ஜன்னல் கம்பியைத் தொட்டால் விரலில் வெள்ளையாக மாவு ஒட்டும். நான்காம் வகுப்பில் பத்தொன்பது பிள்ளைகள். ஏழு பேர் வீட்டில் தெலுங்கு, மூன்று பேர் வீட்டில் ஒடியா, இரண்டு பேர் வீட்டில் இந்தி. மீதி ஏழும் குப்பத்துப் பிள்ளைகள். அவர்கள் பேசுவது தமிழ்தான், ஆனால் பாடப்புத்தகத்துத் தமிழைக் கண்டால் மற்ற பிள்ளைகளைப் போலவே அவர்களும் திருதிருவென்று முழிப்பார்கள்.

எழுத்துகள் எல்லோருக்கும் தெரியும். தனித்தனியாகக் காட்டினால் கடகடவென்று சொல்வார்கள். வார்த்தை கொஞ்சம் நீண்டால்தான் தகராறு. முதல் இரண்டு எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியைத் தைரியமாகச் சொந்தச் சரக்காகப் போட்டுக்கொள்வார்கள். அடித்துத் திருத்தலாம் என்று நினைக்கிற வாத்தியார்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பேசி இங்கே நேரத்தை வீணாக்குவானேன்.

வச்சலா கத்தரிக்கோலை எடுத்தாள். பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம் நீளமான வார்த்தைகளை எழுதி, பொருள் பிரியும் இடம் பார்த்து வெட்டினாள். கரும்பலகையில் 'ஊர்க்காரர்கள்' என்று எழுதுவாள். கட்டைவிரலால் பின்பாதியை மூடுவாள். ஊர். அது தெரியும். விரலை நகர்த்துவாள். காரர். பால்காரர், கடைக்காரர், அதுவும் தெரியும். இன்னும் நகர்த்துவாள். கள். ஒருத்தர் இல்லை, நிறையப் பேர். பயமுறுத்திய வார்த்தை மூன்று துண்டாகி மேஜைமேல் கிடக்கும். குப்பத்துப் பிள்ளைகள் இதற்கு மீன் ஆய்வது என்று பெயர் வைத்தார்கள். காலையில் உள்ளே நுழையும்போதே, "இன்னிக்கு எந்த வார்த்தைய ஆயறோம் டீச்சர்?" என்று கேட்பார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தீப்பெட்டி. தெரிந்துகொண்ட துண்டுகளை அதில் போட்டுக்கொள்ள வேண்டும். பதில் தெரிந்தால் கையைத் தூக்கிவிட்டுத்தான் பேச வேண்டும். வச்சலா வகுப்பில் போட்ட சட்டம் அது ஒன்றுதான்.

பொங்கலுக்குப் பிறகு பிள்ளைகள் நிஜமாகவே படிக்க ஆரம்பித்தார்கள். பஸ்ஸில் எழுதியிருப்பதை, ஹோட்டல் போர்டை, பிஸ்கட் உறையைக்கூட விடவில்லை. வச்சலாவுக்கு மனது குளிர்ந்தது. செங்கல்பட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து போகிற அலுப்புகூடத் தெரியவில்லை.

ஆனால் இந்த வேலை ஒரு தொண்டு நிறுவனத்தின் தயவில் நடந்தது. கேளம்பாக்கத்து அலுவலகத்திலிருந்து ஸ்ரீதேவி என்ற அதிகாரி மார்ச் தொடக்கத்தில் வந்து சோதிப்பாள். பத்தொன்பதில் பதினைந்து பேர் சரளமாகப் படித்தால் திட்டம் தொடரும். இல்லையென்றால் அதோடு சரி. தலைமையாசிரியர் பார்த்தசாரதி மறுபடியும் நூறு தடவை எழுதச் சொல்வார், வச்சலா வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவள் இரவும் பகலும் எண்ணிப் பார்த்தாள். எப்படி எண்ணினாலும் பதினான்குதான் வந்தது.

பதினைந்தாவது ஆளாகத் தேறக்கூடியவள் அனு. ஒன்பது வயது. வீட்டில் தெலுங்கு. அப்பா அப்பாசாமி தெற்கே ஒரு கோயில் வேலைக்குப் போய் மாதக்கணக்கில் ஆகிறது. அம்மா முனியம்மா சிற்பக் கூடத்தில் சிலைகளுக்கு உப்புத்தாள் தேய்க்கிறாள். எட்டு மாதத்தில் லோகு என்று ஒரு தம்பி. அனு நடுவில் இரண்டு மாதம் பள்ளிக்கே வரவில்லை, தம்பியைப் பார்த்துக்கொண்டாள். அவள் தீப்பெட்டியில் பத்துப் பன்னிரண்டு துண்டுகள்தான் இருந்தன. 'வெளி' இருந்தது. அப்பா வெளியூரில் இருப்பதால் அதை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். சோதனைக்காகச் சுவருக்கு வெள்ளையடித்த அன்று வகுப்பில் 'வெள்ளைப்பூச்சு' என்ற வார்த்தையை ஆய்ந்தார்கள். அதிலிருந்து 'பூச்சு' இருந்தது. இன்னும் ஒரு மாதம் கிடைத்திருந்தால் அனு தேறியிருப்பாள். அந்த ஒரு மாதம் கிடைக்கவில்லை.

கிடைத்தது வேறொன்று. அனுவுக்கு அபாரமான ஞாபகசக்தி. ஒருதரம் காதில் விழுந்தால் போதும், வரி பிசகாமல் திருப்பிச் சொல்வாள்.

சோதனைக்கு இரண்டு நாள் முன்னால் ஸ்ரீதேவி பாடப் பகுதியை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். பிரிண்ட் எடுத்து வைக்கவும், பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டாம் என்று கீழே எழுதியிருந்தாள். கலங்கரை விளக்கத்தைப் பற்றிப் பத்து வரி. மதியம் சோறு முடிந்ததும் வச்சலா அனுவை மட்டும் வகுப்பறைக்குள் கூப்பிட்டாள். இரண்டு தடவை படித்துக் காட்டினாள். மூன்றாவது தடவை அனுவே சொன்னாள்.

"விரல வார்த்தைக்குக் கீழ வை. அவசரப்படாம நகத்து. இந்த எடத்துல கொஞ்சம் நிறுத்து, இங்கயும் நிறுத்து."

அனு நிறுத்தினாள், நகர்த்தினாள். பார்த்துக்கொண்டிருந்த வச்சலாவே ஒரு நிமிஷம் ஏமாந்தாள். அத்தனை அழகாக இருந்தது.

முடித்ததும் அனு நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். "இதுதான் படிக்கறதா டீச்சர்?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. "ஆமா, இதுவும் படிக்கறதுதான்" என்றாள் வச்சலா. அவள் சொன்ன பொய் இதுதான். முத்திரையும் கையெழுத்தும் அப்புறம் வந்தவை.

சோதனை அன்று பதினைந்து பேர் தேறினார்கள். பதினைந்து பேரிலும் அனுதான் பிரமாதம் என்று ஸ்ரீதேவி சொன்னாள். அவளை மறுபடி படிக்கச் சொல்லி வீடியோ எடுத்துக்கொண்டாள். 'தமிழ் சரளமாகப் படிக்கிறார்' என்று சான்றிதழ் அச்சடித்து வந்தது. வகுப்பாசிரியர் என்ற இடத்தில் வச்சலா கையெழுத்துப் போட்டாள். பேனா ஒருமுறை சிக்கியது, உதறிவிட்டு மறுபடி போட்டாள்.

முனியம்மா அந்தத் தாளுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, தான் வேலை செய்யும் கொட்டகையின் தூணில் கட்டினாள். அவள் வம்சத்தில் காகிதத்தில் பெயர் அச்சான முதல் ஆள் அனு. கூட வேலை செய்யும் பெண்கள் போனில் வந்த செய்தியைப் படிக்கச் சொல்லி அனுவிடம் வர ஆரம்பித்தார்கள். அனு முதலில், "அவங்க போன்ல இன்னா சொன்னாங்க?" என்று கேட்பாள். அவர்கள் சொல்வார்கள். பிறகு விரலை வைத்து நகர்த்தி, நிறுத்தி, அதையே படிப்பாள். எல்லோருக்கும் திருப்தி.

இதை முனியம்மாவே பள்ளிக்கூட வாசலில் சிரித்துக்கொண்டு சொன்னாள். "அன்னிக்கு ஒரு கூத்து டீச்சர். திருக்கழுக்குன்றம் பஸ்ஸுன்னு படிச்சா, ஏறிட்டோம். பாத்தா கேளம்பாக்கத்துல எறக்கி வுட்டுட்டான். சின்னப்புள்ள தானே, அவசரத்துல பாத்துகீறா."

வச்சலா வாய் திறந்தாள். முனியம்மாவின் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள். திங்கட்கிழமை கூப்பிட்டுப் பக்குவமாகச் சொல்லிவிடலாம், அனுவை முதலிலிருந்து உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கலாம், யாருக்கும் தெரியாமல் பொய்யை உண்மையாக்கிவிடலாம் என்று தனக்குத்தானே கணக்குப் போட்டாள். நல்லவர்கள் தப்புச் செய்தால் இப்படித்தான், எதையும் நாள் பார்த்துத்தான் செய்வார்கள்.

திங்கட்கிழமை ஸ்ரீதேவியிடமிருந்து போன் வந்தது. செவ்வாய் முதல் வியாழன் வரை செங்கல்பட்டில் நாற்பது ஆசிரியர்களுக்குப் பயிற்சி. வார்த்தையைப் பிரித்துச் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று வச்சலா நடத்திக்காட்ட வேண்டும். அவள் நடத்தினாள், நன்றாகவே நடத்தினாள். அவள் சொன்ன முறையில் ஒரு குறையும் இல்லை. கடைசியில் பெரிய திரையில் அனுவின் வீடியோவைப் போட்டார்கள். விரல் நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது. முதல் வரிசையில் இருந்த ஒரு அம்மாள், இந்தப் பெண்ணுக்கு எத்தனை நாள் பிடித்தது என்று கேட்டாள்.

"நாலு மாசம்" என்றாள் வச்சலா. எல்லோரும் கை தட்டினார்கள். பொய் ஒன்றுதான், ஆனால் அதற்கு அடிக்கடி தீனி போட வேண்டியிருந்தது. மூன்று நாளும் அந்த வீடியோவைப் போட்டார்கள், மூன்று நாளும் அவள் திரையைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை வகுப்புக்கு வந்தபோது அனுவின் இடம் காலி. செவ்வாயிலிருந்தே வரவில்லையாம், தம்பிக்குக் காய்ச்சல் என்று பார்த்தசாரதி சொன்னார். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று வச்சலா முடிவுகட்டினாள். மதியம் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள்.

சிற்பக் கூடத்துக்குப் பின்னால் ஓட்டு வீடுகள் ஒரு வரிசை. வெயில் உச்சியில் இருந்தது. பாதி செதுக்கிய சிலைகள் முகம் இல்லாமல் வழியெல்லாம் நின்றன. அந்த வழியில் எத்தனையோ தடவை வந்திருக்கிறாள். அன்றைக்கு என்னவோ அவற்றைக் கடக்கும்போது நடை தானாக வேகமெடுத்தது. முனியம்மாவின் வீட்டிலிருந்து குழந்தை அழும் சத்தம் கேட்கும் என்று எதிர்பார்த்தாள். ஒரு சத்தமும் இல்லை.

"இன்னா டீச்சர், வெயில்ல வந்துகீறீங்க? உள்ள வாங்க" என்றாள் முனியம்மா. வேலைக்குப் போகாமல் வாசலில் உட்கார்ந்திருந்தாள். அனு ஓடிவந்து தண்ணீர் கொடுத்தாள்.

"லோகுக்கு எப்படி இருக்கு?"

"காய்ச்சலு, மேலெல்லாம் சொறி. திங்கக்கெழம சாயந்தரம் அனுவையும் கூட்டிகினு சுகாதார நிலையத்துக்குத் தூக்கினு போனேன். மருந்து குடுத்தாங்க. முன்னாடி ராவும் பகலும் அழுதுகினே இருந்தான். இப்ப அழுவறதே இல்ல. தூங்கிகினே கீறான். பாலுக்கு எழுப்பினாக்கூட வாயத் தொறக்க மாட்றான்."

குழந்தை தரையில் பழைய சேலைமேல் கிடந்தது. கண் பாதி திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. ஒரு கால் மட்டும் விட்டுவிட்டுத் துடித்தது. வச்சலா குனிந்தாள். குழந்தையின் கைமேல் எறும்பு வரிசை போய்க்கொண்டிருந்தது. கழுத்து மடிப்பிலும் எறும்பு.

"அதான் டீச்சர் ஒண்ணும் புரியல. மருந்து பூசறதுலேந்து எறும்பு மொய்க்குது. தட்டிவுட்டுகினே கீறேன்" என்றாள் முனியம்மா.

வச்சலா குழந்தையின் கையைத் தொட்டாள். பிசுபிசுவென்று ஒட்டியது. சர்க்கரைப் பாகு மாதிரி வாசனை.

"பூசற மருந்து எது? எடுங்க."

முனியம்மா இரண்டு பாட்டில்களைக் கொண்டுவந்தாள். சுகாதார நிலையத்துக்கு அவளே கழுவி எடுத்துப்போன பாட்டில்கள். இரண்டும் ஒரே அளவு. உள்ளே இருந்த இரண்டும் பால் நிறம். இரண்டிலும் ஒரு தாள் துண்டு ஒட்டி, பேனாவில் எழுதியிருந்தது.

"எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கு மேலுக்குப் பூசற பாட்டில் கழுத்துல ரப்பர் பேண்டு கட்டிக் குடுப்பாங்க டீச்சர். அதான் அங்க வழக்கம். எனக்கும் கட்ட வந்தாரு மருந்து குடுக்கறவரு. வூட்டுல படிக்கத் தெரிஞ்சவங்க யாருனா கீறாங்களான்னு கேட்டாரு. எம் பொண்ணு படிக்கும், சர்டிபிகேட் வாங்கிகீதுன்னேன். வேணாம்ன்டேன்."

"யாரு பாத்துக் குடுக்கறது?"

"அனுதான். வேளா வேளைக்குப் படிச்சுச் சொல்லும். படி அனு, டீச்சர் கேக்கட்டும்."

அனு பூசுகிற பாட்டிலை ஓரமாக வைத்தாள். குடிக்கக் கொடுக்கிற பாட்டிலைக் கையில் எடுத்தாள். விரலை எழுத்துக்குக் கீழே வைத்தாள். நகர்த்தினாள், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினாள். "உள்ளுக்குக் குடுக்கணும். காலைல அரை மூடி, சாயந்தரம் அரை மூடி. சாப்பாட்டுக்கு அப்புறம்."

மருந்து கொடுத்தவர் சொன்னதை அவள் ஒரு எழுத்துக்கூடத் தவறவிடவில்லை. எந்தப் பாட்டிலைக் காட்டிச் சொன்னார் என்பதுதான் தவறிப்போயிருந்தது.

வச்சலா பாட்டிலைப் பிடுங்கினாள். 'வெளிப்பூச்சுக்கு மட்டும்' என்று எழுதியிருந்தது. குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

சிற்பக் கூடத்து வாசலில் ஒரு விநாயகரை ஏற்றிக்கொண்டு குட்டியானை வண்டி நின்றிருந்தது. டிரைவர் ஒன்றும் கேட்கவில்லை. முன்னால் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். பின்னால் சிலை ஒவ்வொரு பள்ளத்திலும் நகர்ந்து இடித்தது. திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை முனியம்மா, "இன்னா டீச்சர் எழுதிகீது அதுல?" என்று நாலு தடவை கேட்டாள். ஆஸ்பத்திரியில் சொல்வார்கள் என்று வச்சலா நாலு தடவையும் சொன்னாள். நடுவில் உட்கார்ந்திருந்த அனு பாட்டில்கள் உடையாமல் இரண்டையும் மடியில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தையை உடனே உள்ளே கொண்டுபோனார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு இளம் டாக்டரம்மா வெளியே வந்தாள். பாட்டில்களை வாங்கிப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள்.

"இது சொறிக்கு மேல பூசற லோஷன். வயித்துக்குள்ள போகவே கூடாது. எத்தன நாளா குடுக்கறீங்க?"

"திங்கக்கெழம ராத்திரிலேந்து" என்றாள் முனியம்மா. அவளுக்கு இன்னும் முழுதாகப் புரியவில்லை.

"இதப் படிச்சுச் சொன்னது யாரு?"

அனு கையைத் தூக்கினாள்.

வகுப்பில் தூக்குவதைப் போலவே, முழங்கை மடங்காமல், நேராகத் தூக்கினாள். பதில் தெரிந்தால் கையைத் தூக்க வேண்டும் என்பது சட்டம். டாக்டரம்மா அந்தக் கையைப் பார்த்தாள், பிறகு தாயைப் பார்த்தாள்.

"நல்லா படிக்கும் டாக்டர், சர்டிபிகேட்டே கீது" என்று முனியம்மா தொடங்கினாள்.

"அவளுக்குப் படிக்கத் தெரியாது" என்றாள் வச்சலா. சொல்லிவிட்டால் மனசு லேசாகும் என்று இத்தனை நாளாக நினைத்திருந்தாள். ஒன்றும் லேசாகவில்லை. "தெரியும்னு எழுதிக் குடுத்தது நான். அவமேல ஒரு தப்பும் இல்ல. கேட்டத திருப்பிச் சொன்னா அதுதான் படிக்கறதுன்னு நான்தான் அவளுக்குச் சொன்னேன்."

டாக்டரம்மா லோஷன் பாட்டிலைப் பெஞ்சில் வைத்தாள். நாளைக் காலைக்குள் நினைவு திரும்ப வேண்டும், அதற்கு மேல் இப்போது எதுவும் சொல்ல முடியாது என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

முனியம்மா கத்தவில்லை. மண்ணை வாரித் தூற்றவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று வச்சலாவுக்கு இருந்தது. முனியம்மா சுவரோரம் அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். நகக்கண்ணில் இன்னும் வெள்ளையாகக் கல்மாவு இருந்தது.

"பேப்பர்ல சீல் கீதே டீச்சர்" என்றாள்.

"அதுக்குக் கீழ என் கையெழுத்துதான்."

முனியம்மா நகக்கண்ணிலிருந்த மாவைச் சுரண்டினாள். குரல் எங்கோ இருந்து வந்தது. "ஒரு ரப்பர் பேண்டு டீச்சர். அவரு கையில எடுத்துட்டாரு. நாந்தான் வேணாம்ன்டேன்."

வச்சலா அழுதாள். அந்த அழுகையை யாரும் கவனிக்கவில்லை, அவளுக்கும் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

அனு பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். டாக்டரம்மா வைத்துவிட்டுப் போன பாட்டில் பக்கத்தில் இருந்தது. அவள் அதை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தாள். இந்தத் தடவை விரலைக் கீழே வைக்கவில்லை. கட்டைவிரலை எழுத்தின்மேல் வைத்துப் பின்பாதியை மூடினாள், கரும்பலகையில் வச்சலா மூடுவதைப் போல. உதடு அசைந்தது. சத்தம் வரச் சற்று நேரமாயிற்று.

"வெளி" என்றாள்.

விரலை நகர்த்தினாள். எந்த அவசரமும் இல்லை. யாரும் அவளுக்கு அதைப் படித்துக் காட்டவில்லை.

"பூச்சு."

இரண்டும் அவளுடைய தீப்பெட்டியில் இருந்த துண்டுகள்தான். அவள் இரண்டையும் சேர்த்து ஒருதரம் சொல்லிப் பார்த்தாள். பிறகு தம்பியை வைத்திருந்த அறையின் கதவைப் பார்த்தாள். வச்சலா பக்கம் திரும்பினாள்.

"இதுதான் படிக்கறதா டீச்சர்?"

ஆமாம் என்று வச்சலா தலையை ஆட்டினாள். அனு பாட்டிலை மடியில் வைத்து, அந்த வார்த்தை முழுவதையும் கட்டைவிரலால் மூடிக்கொண்டாள்.